சுடலைக்கண்ணனின் கழுத்து

தாராவியில் பெல்ட் தைக்கும் சுடலைக்கண்ணனை நீதிமன்றம் ஜெயிலுக்கு அனுப்பாமல் நன்னடத்தையில் விட்டிருந்தது. காதுக்குள் பேசுகிறவர்கள் சொன்னார்கள் என்று போலீஸ் ஜீப்பின் கண்ணாடியை உடைத்தவன் அவன். நிபந்தனை இரண்டே: நன்னடத்தை அதிகாரி சொல் கேட்க வேண்டும், மாத்திரையை விடாமல் தின்ன வேண்டும். எது தவறினாலும் ஜெயில்.

மாத்திரை நேற்றோடு தீர்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரம்மா உட்காருவது வியாழக்கிழமை மட்டும். அந்த வியாழன் பார்த்துத்தான் அதிகாரி அவனைச் செம்பூருக்கு ஒரு விழாவுக்குப் போகச் சொன்னார்.

விழா நடத்தியது மாட்டுங்கா மனநல மன்றம். தலைவர் வெங்கடேஸ்வரனுக்கு மனநலத்தின் மேல் பிரியம் வந்தது ரிட்டயரான பிறகு; மைக்கின் மேல் வந்தது அதற்கும் வெகு முன்னால்.

மேடையைப் பார்த்த சுடலைக்கண்ணனுக்குப் பகீரென்றது. சிறப்பு விருந்தினர், அதே டாக்டரம்மா.

"அய்யா, அப்ப இன்னைக்கு ஆஸ்பத்திரியில யாரு பாப்பாவ?" என்று வெங்கடேஸ்வரனிடம் கேட்டான்.

"யாரும் இல்லை! நமக்காக ஓபிடியையே கேன்சல் பண்ணிட்டு வந்திருக்கா. என்ன பெரிய மனசு பாரு!"

'திருந்திய உள்ளம்' என்று பட்டம் சொல்லி அவனை மேடையேற்றினார்கள். டாக்டரம்மா பொன்னாடையை விரித்துத் தூக்கினார். பனைமரம் போல நின்றவனின் தோள் அவருக்கு எட்டவில்லை.

"கொஞ்சம் குனிப்பா, ஃபோட்டோ எடுக்கணும்."

"மாத்திர தீந்துட்டும்மா. சீட்டு எழுதித் தாங்க, குனியுதேன்."

"அடுத்த வாரம் ஓபிடிக்கு வா."

"அதுக்குள்ள காதுக்குள்ள ஆளு வந்துருவாவளே. அவுகளுக்கும் சேத்துப் பொன்னாடை வச்சிருக்கேளா?"

சபை சிரித்தது. வெங்கடேஸ்வரன் பல்லைக் கடித்தார். "மேடையில வியாதியைப் பத்திப் பேசப்படாதுப்பா! மனநல விழான்னா ஒரு டீசன்ஸி வேண்டாமா?" என்று அவன் பிடரியை அழுத்தக் கையை ஓங்கினார். கேமரா தன் பக்கம் திரும்புவதைக் கண்டதும் அந்தக் கை அவன் முதுகைப் பாசமாகத் தடவியது.

பொன்னாடை அந்தரத்தில் நின்றது. தூக்கிப் பிடித்த டாக்டரம்மாவுக்குக் கை கடுத்தது. கடைசியில் அதைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு, கைப்பையைத் திறந்து சீட்டு எழுதினார்.

"சீலும் போடுங்கம்மா. இல்லாட்டி மெடிக்கல்காரன் தரமாட்டான்."

சீலும் விழுந்தது. சீட்டைச் சட்டைப்பையில் வைத்துப் பித்தானைப் போட்ட பிறகே சுடலைக்கண்ணன் குனிந்தான். பளிச் பளிச்சென்று வெளிச்சம், ஒரே கைதட்டல்.

"பார்த்தேளா பணிவை!" வெங்கடேஸ்வரன் மைக்கில் தழுதழுத்தார். "இதுதான் நம்ம மன்றத்தோட சிகிச்சை!"

சுடலைக்கண்ணன் அதைக் கேட்கவில்லை. பொன்னாடையோடு ரோட்டைக் கடந்து, மெடிக்கல் ஷாப்பில் சீட்டை நீட்டிக்கொண்டிருந்தான்.