ஐஸ் தண்ணீர்த் துண்டு

பாதி ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது அருணாவின் முகம் செங்கல்லாய்ச் சிவந்திருந்தது. காலையிலேயே முடிந்திருக்க வேண்டிய இறுதி ஆட்டம். கோப்பை கொடுக்க வேண்டியவர் தாமதமாக வந்ததில் உச்சி வெயிலுக்குத் தள்ளிப்போனது. கும்மிடிப்பூண்டி மைதானத்தில் இலை அசையவில்லை. இரும்பாலைகளின் புகை கலையாமல் மேலேயே நின்றது.

கம்பெனியின் பெண்கள் கபடி அணிக்கு அவள்தான் கேப்டன். இந்த வருடம் ஜெயித்தால், ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் ஜெபாவை நிரந்தரமாக்குவதாக மேலாளர் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். அருணா ஏற்கெனவே நிரந்தரம். இருவருக்கும் எளாவூர்ப் பக்கம் ஒரே கிராமம். அருணா வீட்டுக்கு நெல்வயல் உண்டு. ஜெபாவின் வீடு காலனியில். கம்பெனி பஸ் ஒன்றுதான், நிறுத்தம் வேறு.

பயிற்சியாளர் ஹெலன் தெர்மகோல் பெட்டியைத் திறந்தார். ஐஸ் தண்ணீரில் துண்டுகள் ஊறிக்கிடந்தன. உடம்பு கொதித்தால் மூளையே காலுக்குப் போகிற பலத்தைக் குறைத்துவிடும், கழுத்தையும் கையையும் குளிர வைத்தால்தான் பிடி நிற்கும் என்று ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்வார். துண்டுகள் குறைவு. ஒருத்தி ஒற்றியதை முக்கிப் பிழிந்து அடுத்தவளிடம் கொடுப்பாள். கேப்டன் என்பதால் முதல் துண்டு எப்போதும் அருணாவுக்குத்தான் வரும். இன்று அவள் நடுவரிடம் பேசிவிட்டுக் கடைசியாக வந்தாள்.

ஜெபா தன் கழுத்திலிருந்ததை எடுத்து, பெட்டியில் முக்கிப் பிழிந்து நீட்டினாள்.

"இந்தா வச்சிக்கோ, சில்லுனுகீது."

அருணாவின் கை எழவில்லை.

"வேணாம். எனக்கு சளி புடிச்சிகினுகீது."

நீட்டிய கை சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு ஜெபா அந்தத் துண்டைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டாள்.

சொன்ன பிறகுதான் அருணாவுக்குத் தான் செய்தது தெரிந்தது. எத்தனையோ ஆட்டங்களில் ஜெபாவின் வியர்த்த கையைக் கோத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். காலனிப் பெண்ணைத் தொடாதே என்ற அம்மாவோடு அதற்காகச் சண்டை போட்டிருக்கிறாள். அந்தச் சண்டையை நினைத்துப் பெருமைப்பட்டும் இருக்கிறாள். இன்று அம்மா பக்கத்தில் இல்லாமலே அவள் கை அம்மா சொன்னதைக் கேட்டது. இப்போதாவது துண்டைக் கேட்கலாம். கேட்டால் சளி பொய்யென்றாகிவிடும். விசில் ஊதும்வரை அவள் கேட்கவில்லை.

இரண்டாம் பாதியில் தொடைகள் ஈர மணல் மூட்டையாய்க் கனத்தன. கடைசி ரெய்டு. எதிரணிப் பெண்ணின் கணுக்காலை அருணா பிடித்துவிட்டாள். ஒருமுறை பூட்டினால் விடாத விரல்கள் அவை. மனதுக்குள் அவற்றை மூடச் சொன்னாள், அவை மூடவில்லை. கால் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கிப் போனது. இடுப்பைக் கட்டியிருந்த ஜெபா தனியாளாய்க் கோடுவரை இழுபட்டுப் போனாள். ஒரு பாயின்ட்டில் தோற்றார்கள்.

கெண்டைக்கால் இழுத்துக்கொள்ள அருணா அங்கேயே விழுந்தாள். துண்டு வைத்தாளா இல்லையா என்று ஹெலன் கோபமாகக் கேட்டார். அருணா வாயைத் திறப்பதற்குள் ஜெபா முந்திக்கொண்டாள்.

"அவளுக்குக் காலைலருந்தே சளி மேடம். பஸ்ல கூட இருமிக்கினே வந்தா."

சொல்லிக்கொண்டே குனிந்து அருணாவின் பாதத்தை மடக்கிப் பிடித்து, இழுப்பு விடும்வரை அமுக்கினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் திரும்பினார்கள். மேலாளர் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அருணா ஜன்னல் பக்கம் திரும்பி, சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கி அடுக்கிக் கலைத்தாள். காலனி நிறுத்தம் வந்துவிட்டது.

ஜெபா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அருணாவின் இருக்கையருகே நின்றாள்.

"ஊட்டுக்குப் போயி ஆவி புடி" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

முன் இருக்கைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அருணா வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள்.