பார்சல் வண்டி மேல் மோகனம்

"நாற்காலியில உக்காந்து பிடில் வாசிக்கச் சொல்றதும், தலைகீழா நின்னுண்டு ரசம் சாப்பிடச் சொல்றதும் ஒண்ணு! என்னால முடியாது, முடியாது, முடியவே முடியாது!"

"யம்மா, மூணு தடவ சொல்லிட்டா சட்டமாயிருமா? ஆர்க்கெஸ்ட்ரான்னா சேர்தான். உலகம் பூரா சேர்தான். நீங்க நாலு பேரும் தரையில உக்காந்தா ஜனங்க உங்கள எங்க தேடும்? எங்க பூட்ஸுக்கு நடுவுலயா?"

"பூட்ஸைக் கழட்டி வெச்சுட்டு வாங்கோ! மேடைன்னா ஒரு மரியாதை வேண்டாமா?"

"எங்க ஆளுக பூட்ஸக் கழட்டுனா மேடையில ஒரு மனுசன் இருக்க முடியாதும்மா. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

2007 ஜனவரியின் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புனே கோர்படி ரயில்வே காலனியின் இன்ஸ்டிட்யூட் ஹாலில் எழுந்த இந்தக் கூச்சல் மூன்றாவது பிளாக் வரை கேட்டது. கேட்காதவர்களுக்கு மூன்றாவது பிளாக் பாலாம்பாள் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டாள்.

கத்திய பெண்மணி அபயாம்பாள். பார்சல் ஆபீஸ் பக்தவத்சலத்தின் மனைவி, வயது ஐம்பத்திரண்டு, கும்பகோணத்துப் பிடில், பின்னால் மூன்று சிஷ்யைகள். பதிலுக்குக் கத்தியவர் ஹவில்தார் நார்மன். பாளையங்கோட்டைக்காரர், ராணுவ பேண்டில் இருபத்து நான்கு வருடம் டிரம்பெட் ஊதிவிட்டு ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது டிரம்பெட்டுக்குத் தெரியாது. தினமும் காலை ஐந்தரைக்கு அது காலனியை எழுப்பியது.

சண்டைக்குக் காரணம் நார்மனின் மகள் ஃபியோனா. புனேயில் தடுக்கி விழுந்தால் ஜப்பானிய மொழி வகுப்பில்தான் விழ வேண்டும் என்றிருந்த காலம் அது. ஃபியோனா அப்படி ஒரு வகுப்பில் டீச்சர். வகுப்பு விழாவுக்கு, 'திறந்தவெளியில் மாபெரும் ஆர்க்கெஸ்ட்ரா, எல்லோரும் நேசித்த ஜப்பானிய கார்ட்டூன் இசை' என்று நோட்டீஸ் அடித்து ஒட்டிவிட்டாள். ஒட்டிய பிறகுதான் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஆள் வேண்டும் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. அப்பாவையும் அவருடைய பழைய பேண்டு நண்பர்கள் ஐந்து பேரையும் பிடித்தாள். சர்ச்சிலிருந்து கீபோர்டு, வகுப்பிலிருந்து மூன்று புல்லாங்குழல். பிடிலுக்கு எங்கே போவது?

"ஆன்ட்டி, ப்ளீஸ் ஆன்ட்டி. நீங்க வரலேன்னா எல்லாம் சத்யானாஸ் ஆயிடும் ஆன்ட்டி" என்று அபயாம்பாள் வீட்டுச் சமையலறையில் வந்து நின்றாள்.

அபயாம்பாளுக்கு ஜப்பான் புதிதல்ல. ஏழெட்டு வருடங்களுக்கு முன்னால், தினமும் மாலை ஐந்தரைக்கு டிவியில் இந்தி பேசும் ஒரு ஜப்பான் கார்ட்டூன் வந்தது. வானத்தில் நீந்தும் திமிங்கிலத்தின் முதுகில் உட்கார்ந்து ஊர் ஊராகக் கடிதம் கொடுக்கும் ஒரு பெண்ணின் கதை. காலனியில் அதற்குப் பெயர் 'தபால் பொண்ணு'. அந்த அரை மணி நேரம் கோர்படியில் ஒரு பிள்ளையும் தெருவில் இருக்காது. அபயாம்பாளின் மகன் விச்சு அப்போது ஒன்பதாவது. அவன் ஹாலில் பார்ப்பான். அம்மா சமையலறையில் கேட்பாள்.

"இது சுத்த மோகனம்டா விச்சு. நம்மாத்துலேர்ந்து யாரோ கப்பல் ஏத்தியிருக்கா" என்று அப்போதே தீர்ப்புச் சொன்னவள் அவள். ஆகவே ஃபியோனா கேட்டதும், முகத்தில் ஒரு யோசனையைக் காட்டிவிட்டு, மனசுக்குள் உடனே சம்மதித்துவிட்டாள்.

சம்மதித்ததற்கு வேறு காரணமும் உண்டு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை; அதனால் காலனி முழுக்கத் தெரியும். புனேக்கு வந்து இருபத்திரண்டு வருடம். அவள் வாசிக்காத கொலு இல்லை, சீமந்தம் இல்லை, பிள்ளையார் பந்தல் இல்லை. ஆனால் ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட, கூட்டம் கடைசி வரை உட்கார்ந்து கேட்டதில்லை. நடுவில் சுண்டல் வரும். சுண்டல் வந்ததும் ஜனங்கள் எழுந்துவிடுவார்கள். மங்களம் வாசிக்கும்போது எதிரே ஜமக்காளமும் இரண்டு மாமிகளின் செருப்பும்தான் இருக்கும். செத்துப்போவதற்குள் ஒரு கூட்டமாவது கடைசி வரை உட்கார வேண்டும் என்பது அவளுடைய பிரார்த்தனை. திருப்பதிக்குக்கூட வேண்டிக்கொண்டிருந்ததாகப் பாலாம்பாள் சொன்னாள். பாலாம்பாள் சொன்னால் பாதி நிஜமாக இருக்கும்.

நாற்காலிச் சண்டைக்கு வருவோம். நம் ஊர்ப் பிடில்காரர்கள் சம்மணம் கட்டி உட்கார்ந்து, வலது காலைக் கொஞ்சம் நீட்டி, பிடிலின் தலையைக் கணுக்காலில் ஊன்றித்தான் வாசிப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் பிடில் அந்தரத்தில் தொங்கும். இதை நார்மனுக்கு விளக்க, அபயாம்பாள் ஒரு நாற்காலியின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து காட்டினாள். நாற்காலி காலை வாரிவிட்டது. சிஷ்யை அம்ருதா பிடிக்காவிட்டால் இடுப்பு போயிருக்கும்.

அதுவரை மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பக்தவத்சலம் அப்போதுதான் வாயைத் திறந்தார். முப்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரே உருப்படியான யோசனை இதுதான் என்று அபயாம்பாளே பின்னால் ஒப்புக்கொண்டாள்.

"இன்ஸ்டிட்யூட் பின்னாடி ரெண்டு பார்சல் வண்டி கெடக்கு. ஸ்டேஷன்ல கழிச்சுக் கட்டினது. அது மேல ஜமக்காளத்தை விரிச்சு உக்காந்துக்கோங்கோ. நாற்காலி உயரம் இருக்கும்."

ராணுவமும் சங்கீதமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. வண்டிகளை இழுத்துவர இரண்டும் சேர்ந்தே கிளம்பின. கசார்வாடியில் லேத் பட்டறை வைத்திருந்த சுபின் என்ற பையன், நோட்டு வைக்கும் ஸ்டாண்டுகளைச் செய்துகொண்டுவந்தவன், வண்டிச் சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தான். முதல் ஒத்திகையில் ஒரு செங்கல் நழுவி, அம்ருதா வாசித்துக்கொண்டே வாசல் வரை போய்விட்டு வந்தாள். சுருதி விலகவில்லை என்பதில் அபயாம்பாளுக்குப் பெருமை.

ஒத்திகையில் மற்ற தகராறுகளும் இருந்தன. நார்மனின் ஆட்கள் ஐந்து கோட்டு நோட்டு பார்த்து ஊதினார்கள். அபயாம்பாள் நாற்பது பக்க நோட்டில் ஸரிகம எழுதிக்கொண்டாள். ஒரு அடியை ஒரு தடவை வாசித்துவிட்டு நகர்வது அவளுக்குப் பழக்கமில்லை. மூன்று சங்கதியாவது போட்டால்தான் கை அடங்கும். அதற்குள் டிரம்பெட்டுகள் அடுத்த ஊருக்குப் போயிருக்கும்.

"எழுதியிருக்கத மட்டும் வாசிங்கம்மா!"

"எழுதியிருக்கறதை வாசிக்கறதுக்கு நான் எதுக்கு? டைப் மெஷின் போறுமே!"

நார்மன் ஒன்றில் மட்டும் கறாராக இருந்தார். "அஞ்சரைக்கு ஆரம்பிச்சு ஆறேகாலுக்குள்ள முடிச்சிரணும். ஆறரை தாண்டுச்சுன்னா நான் பொறுப்பில்ல, சொல்லிட்டேன்."

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? ஓய்வு பெற்ற ராணுவக்காரர், மிலிட்டரி கேன்டீன் ரம், மாலை ஆறரை. காலனிக்குக் கணக்குப் போடத் தெரியாதா? "பாவம், கை நடுங்க ஆரம்பிச்சுடும் போலிருக்கு" என்றாள் பாலாம்பாள். அபயாம்பாளும் உச்சுக் கொட்டினாள்.

காலனி போட்ட இன்னொரு கணக்கு விச்சுவும் ஃபியோனாவும். விச்சு அவளுடைய வகுப்பில் ஜப்பானிய மொழி படித்தான். நோட்டு ஜெராக்ஸ் எடுக்க இருவரும் ஒரே ஸ்கூட்டியில் கேம்ப் கடைத்தெருப் பக்கம் போனதை மூன்று பேர் பார்த்திருந்தார்கள். பார்த்ததைப் பாலாம்பாள் அபயாம்பாளிடம் சொல்ல, அவள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு மகனைக் கூப்பிட்டு நேராகவே கேட்டாள்.

"ஏண்டா, அந்தப் பொண்ணு..."

"எந்தப் பொண்ணும்மா?"

"சரி, போ" என்றாள். அதற்கு மேல் கேட்டு, பதில் வந்துவிட்டால் கச்சேரியில் கை ஓடாது.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை. இன்ஸ்டிட்யூட் மைதானம். ஒரு பக்கம் ரயில் பாதை, மறு பக்கம் ராணுவ வளாகத்தின் மதில். முன் வரிசைகளில் நார்மன் அழைத்த ஓய்வு பெற்ற ராணுவக் குடும்பங்கள். லோஹேகாவிலிருந்து விமானப் படைக்காரர்கள் சிலர். பின்னால் காலனி. எல்லாவற்றுக்கும் பின்னால், வாசலில், சுடச்சுட வடா பாவ். அந்தக் கடையை அபயாம்பாள் மேடையிலிருந்தே பார்த்துவிட்டாள். சுண்டல் வேறு உருவத்தில் வந்திருக்கிறது.

ஐந்தரைக்கு வர வேண்டிய சிறப்பு விருந்தினர், ஒசாகாவிலிருந்து வந்திருந்த ஒரு முதிய டீச்சரம்மா, சரியாக ஐந்து இருபத்தெட்டுக்கு வந்துவிட்டார். ஜப்பான்காரர் நேரம் தவறுவாரா? தவறியவர் அவரை வரவேற்க வேண்டிய உள்ளூர்ப் பிரமுகர். அவர் ஆறு மணிக்கு வந்தார். ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தவரை வருக வருக என்று வரவேற்றுப் பத்து நிமிடம் பேசினார். நார்மன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அபயாம்பாள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

இசை ஆரம்பித்தது. நன்றாகவே இருந்தது என்று சொல்லிவிட வேண்டும். முதல் மூன்று உருப்படிகளுக்கும் கைதட்டல். ரயில் ஒன்று நடுவில் ஊளையிட்டதை யாரும் பொருட்படுத்தவில்லை. வடா பாவ் கடைக்கு இதுவரை நாலைந்து பேர்தான் எழுந்து போயிருந்தார்கள். அபயாம்பாள் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

கடைசி உருப்படி 'தபால் பொண்ணு'. முதல் சுரம் கேட்டதுமே பின் வரிசையில் இருபத்தைந்து வயதுத் தடியன்கள் எல்லாம் பிள்ளைகளாகி விசிலடித்தார்கள். பிடில்கள் பல்லவி மாதிரி அந்த அடியை எடுத்துக் கொடுக்க, டிரம்பெட்டுகள் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அபயாம்பாள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள்.

வாங்க ஆள் வரவில்லை.

பக்கவாத்தியக்காரருக்கு இதெல்லாம் சகஜம். பாடகர் இருமுவார், வரி மறப்பார், பிளாஸ்கைத் திறந்து ஓவல்டின் குடிப்பார். அப்போது பிடில் நிற்கக் கூடாது. நின்றால் கச்சேரி கவிழ்ந்துவிடும். கண்ணைத் திறக்காமலே அதே அடியை இன்னொரு தடவை, ஒரு சங்கதி சேர்த்து வாசித்தாள். சிஷ்யைகள் தொடர்ந்தார்கள். இன்னும் ஒரு சங்கதி. மணி ஆறரை ஆகியிருக்கும், பாவம் மனுஷர் கிளம்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். அப்போது நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. நிறைய நாற்காலிகள்.

கண்ணைத் திறந்தாள். கூட்டம் முழுவதும் எழுந்துவிட்டது.

இருபத்திரண்டு வருடமாக இதே கதைதான். ஜப்பான் சங்கீதம் வாசித்தாலும் சுண்டல் ஜெயித்துவிட்டதே. 'போங்கோ, எல்லாரும் போங்கோ. தின்னுட்டு வாங்கோ' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, யாருக்காகவும் இல்லாமல் அடுத்த சங்கதியை வாசித்தாள். அதுதான் அன்றைக்கு உசத்தி என்று அம்ருதா பின்னால் சொன்னாள்.

ஆனால் யாரும் நகரவில்லை. முன் வரிசைக்காரர்கள் கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு, விறைப்பாக, மதில் பக்கம் பார்த்து நின்றார்கள். பின்னால் நின்றவர்கள் முன்னால் நின்றவர்களைப் பார்த்து நின்றவர்கள். மேடையில் நார்மனும் ஐந்து பேரும் வாத்தியத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சிலை போல நின்றார்கள். அப்போதுதான் அவள் காதில் அது விழுந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம், ராணுவ வளாகத்தில், சாயங்காலம் கொடியை இறக்கும்போது ஊதும் பியூகிள்.

தினமும் சாயங்காலம் சாதம் வைக்கும்போது கேட்கிற ஓசைதான். குக்கர் விசிலுக்கு நடுவில் அதை யார் கவனித்தார்கள்? இப்போது கவனித்தாள். ப, ஸ, க, ப. நார்மன் பிடிவாதமாக எல்லாவற்றையும் பித்தளை வாத்தியத்தின் சுருதியில் வைத்திருந்ததால், பியூகிள் அவளுடைய மோகனத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தது. வில்லை மெதுவாக்கினாள். சிஷ்யைகளுக்குக் கண்ணைக் காட்டினாள். அதற்குச் சுருதி பிடித்தாள். அது மூச்சு வாங்கிய இடத்தில் ஒரு கமகம் வைத்தாள். பியூகிள் ஓய்ந்தது. நார்மன் உட்கார்ந்தார், டிரம்பெட்டை உதட்டில் வைத்தார். அவள் அந்த அடியை அவர் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார்.

முடிந்ததும் நின்றபடியே கை தட்டினார்கள். உட்கார மறந்துவிட்டார்கள். ஒசாகா டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபியோனாவிடம் ஏதோ கேட்டார். பியூகிளை எப்படி இவ்வளவு கச்சிதமாகச் சேர்த்தீர்கள் என்றாராம். "மூன்று மாத ஒத்திகை" என்று ஃபியோனா கூசாமல் சொல்லிவிட்டாள்.

பார்சல் வண்டியிலிருந்து இறங்கக் கை கொடுத்த நார்மனிடம் அபயாம்பாள் மறுபடி ஆரம்பித்தாள்.

"இதுக்கா ஆறரை, ஆறரைன்னேள்? வாயைத் திறந்து சொல்லியிருக்கப்படாதா?"

"ஏம்மா, பியூகிள் சத்தத்துக்கு எந்திரிக்கணும்னு சொல்லிக்குடுக்கணுமா? வேற என்னன்னு நெனச்சிய?"

அவள் அந்தக் கேள்வியை அவசரமாகத் தாண்டினாள். "எது எப்படியோ, இன்னிக்கும் ஒருத்தர்கூடக் கடைசி வரைக்கும் உக்காந்து கேக்கலை."

"எந்திரிச்சு நின்னுல்லாம்மா கேட்டாக!"

"எனக்கா நின்னா? கொடிக்குன்னா நின்னா!"

நார்மன் யோசித்தார். "கொடிக்குத்தான். பொய் சொல்லமாட்டேன். ஆனா ஒண்ணு, உக்கார வெச்சுக் காட்டுதேன். எழுதி வெச்சுக்கிடுங்க."

இரண்டு வருடம் கழித்துக் காட்டினார். ஃபியோனாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது; மாப்பிள்ளை, ஸ்டாண்டு செய்துகொண்டுவந்த கசார்வாடி சுபின். ஆறு வருடக் காதலாம். காலனி மொத்தமும் ஸ்கூட்டியையே பார்த்துக்கொண்டிருந்ததில் லேத் பட்டறையை ஒருவரும் பார்க்கவில்லை. பாலாம்பாள் ஒரு வாரம் வெளியில் தலைகாட்டவில்லை. வரவேற்பில் ஜமக்காளம் விரித்து அபயாம்பாளை உட்காரவைத்துவிட்டு, நார்மன் பிரியாணி ஹாலைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மங்களம் முடிகிற வரை நானூறு பேரில் ஒரு உயிர் அசையவில்லை.

ஃபியோனாவும் சுபினும் நாகோயாவில் இருக்கிறார்கள். ஜப்பானிய மொழி படித்த விச்சு ஜெர்மனிக்குப் போனான். ஜாதகம் பார்த்து, காரைக்குடியில் பெண் எடுத்தார்கள். அம்ருதா ஒரு விமானப் படைக்காரரைக் கட்டிக்கொண்டு ஜோத்பூர் போய்விட்டாள். பக்தவத்சலம் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, அபயாம்பாளும் அவரும் லோஹேகாவுக்குக் குடிபோனார்கள். பாலாம்பாள் மட்டும் மூன்றாவது பிளாக்கிலேயே இருக்கிறாள்.