நானாக நிற்கவில்லை

சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிய பிறகுதான், இனி வேலை இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. சலவைக் கம்பெனியில் துணிகளுக்கு இஸ்திரி போடுகிறவள்; நேற்றோடு அது முடிந்துபோனது.

"என்ன, கிளம்பலையா?" என்றான் பஸ் ஓட்டும் கணவன்.

"நானே நின்னுட்டேன். இந்த வயித்தை வச்சுக்கிட்டு முடியல."

நடந்தது வேறு. நிறைமாதம் நெருங்குகிறது. நாளெல்லாம் நீராவிக்கு நடுவில் நின்று கால் இரண்டும் வீங்கிவிட்டன. ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்ளட்டுமா என்று சூப்பர்வைசரிடம் கேட்டாள், அவ்வளவுதான்.

"நிக்க முடியலன்னா நின்னுடு!" என்றார் அவர். சொன்னது அவருக்கே பிடித்துப்போய், திரும்பவும் ஒரு தடவை சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். துணி மடிக்கும் அக்காகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் அவளும் நினைத்தாள். சாயங்காலம் வாசலில் வைத்து, "நாளையிலேர்ந்து வராதே" என்றார்.

துரத்திவிட்டார்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது? நானே விட்டுவிட்டேன் என்றால் கொஞ்சம் கௌரவமாவது மிஞ்சும். மானத்துக்குப் பயந்தவர்கள் காலங்காலமாகச் செய்கிற தப்பையே அவளும் செய்தாள்.

பேறுகாலச் சம்பளமாவது கிடைக்குமா கேட்டுப் பார்க்கலாம் என்று கணவன் அவளைத் தொழிலாளர் ஆலோசனை மையத்துக்கு அழைத்துப் போனான். ஆலோசகர் அம்மா அவள் வயிற்றைப் பார்த்ததுமே எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"முதல்ல உக்காரும்மா. அப்புறம் பேசுவோம்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இதைத்தானே அங்கே கேட்டாள்!

"நீயா நின்னியா, அவங்க நிறுத்தினாங்களா?"

"நானாத்தான்" என்றாள், கணவனைப் பார்க்காமல்.

"யோசிச்சுச் சொல்லும்மா. நீயா நின்னிருந்தா என்னால பெருசா ஒண்ணும் செய்ய முடியாது. மாசமா இருக்கேன்னு நிறுத்தியிருந்தா, அது தப்பு. போய்க் கேக்கலாம்."

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. சூப்பர்வைசர். எடுத்த அவசரத்தில் ஸ்பீக்கரைத் தொட்டுவிட்டாள்.

"யார் கேட்டாலும் நீயா நின்னதாவே சொல்லு. அப்பதான் வேற இடத்துல உன்னைப் பத்திக் கேட்டா நல்லபடியா சொல்லுவேன். இல்லைன்னா உனக்கு எங்கேயும் வேலை கிடைக்காது, பார்த்துக்கோ!"

கணவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். குழந்தை பிறந்தபின் வேறு வேலை தேட வேண்டும். இந்த ஆள் எங்கே என்ன சொல்லி வைப்பானோ! ஆனாலும் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நான் நிக்கல சார். நீங்கதான் நிறுத்தினீங்க."

போன் பட்டென்று துண்டிக்கப்பட்டது. ஸ்டூல் கேட்டது, எல்லோரும் சிரித்தது, வாசலில் வராதே என்றது எல்லாவற்றையும் அவள் சொன்னாள்.

"இந்தப் போன் மட்டும் போதாது, சாட்சி வேணும்மா" என்றார் ஆலோசகர். "சிரிச்சவங்கள்ல யாராவது வருவாங்களா?"

"தெரியல. மடிக்கிற அக்காகிட்ட கேட்டுப் பாக்கறேன்."

"என்கிட்ட ஏன் மறைச்ச?" என்றான் கணவன்.

"வெக்கமா இருந்துச்சுங்க" என்றாள் அவள். "வயித்துப் பிள்ளைக்காரியை வெளியே தள்ளினவருக்கே வெக்கம் இல்ல. எனக்கு எதுக்கு? உரிமையைக் கேக்கறதுல அசிங்கம் ஒண்ணும் இல்ல. அவங்க செஞ்ச தப்பை நம்ம வாயால மூடி மறைக்கறதுதான் அசிங்கம்."