குட்டைக் கயிறு

என் கொழுந்தனுக்கு வேலையிடத்தில் ‘அவசரம்’ என்றுதான் பெயர். கிரேன் ஓட்டுவது நான்; கீழே பாரத்துக்குக் கயிறு கட்டுவது அவன். இருவருக்கும் ஒரே வயதுதான், புத்திதான் அவனுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அன்றைக்கு மூன்று டன் ஜெனரேட்டர் ஒன்றை இடம் மாற்ற வேண்டும். நடுவில் ஒரு லாரி மறைத்தது. “தூக்குங்க அண்ணி” என்று வாக்கிடாக்கியில் சொன்னான். ஒரு சாண் தூக்கினேன். அடியில் கிடந்த கட்டைகளில் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்ததாம். நிறுத்தச் சொல்லிவிட்டு, அதைத் தட்டிவிடத் தரையில் படுத்து, தோள்வரைக்கும் கையை உள்ளே விட்டிருக்கிறான். அந்த நேரம் லாரி நகர்ந்தது. அப்போதுதான் பார்த்தேன். கம்பிக்கயிறு இரண்டும் கொக்கியிலிருந்து கூரைச் சரிவு மாதிரி விரிந்து நின்றன.

“அடப்பாவி! குட்டைக் கயிறா போட்டே?”

“நீளக் கயிறு அந்தக் கோடியில கிடக்கு அண்ணி. போய் எடுத்துட்டு வர்றதுக்குள்ள விடிஞ்சிடும். ஒரு கயிறு ரெண்டு டன் தாங்கும். ரெண்டும் சேர்ந்தா நாலு. மூணைத் தூக்காதா? ஒன்னாங்கிளாஸ் கணக்கு.”

அந்த ஒன்றாங்கிளாஸ் கணக்குதான் ஆளைக் கொல்லும். தண்ணீர் வாளியின் பிடியில் துண்டைக் கோத்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிராக விலகிப் பாருங்கள். தண்ணீர் ஒரு சொட்டும் அதிகமாகாது, தோள் மட்டும் கழன்றுவிடும். கயிறு சாயச் சாய, பாரத்தைத் தூக்குவதோடு ஒன்றையொன்று இழுக்கவும் வேண்டும். அந்தச் சாய்வில் ஒவ்வொரு கயிற்றிலும் முழுசாக மூன்று டன் இழுவை.

“கையை எடுடா!”

“சட்டை மாட்டிக்கிச்சு அண்ணி. ஏதோ போல்ட்டுல.” அவன் குரலில் இருந்த கேலி போய்விட்டது.

மேலே டக்கென்று ஒரு சத்தம். ஒரு கயிற்றில் கம்பி அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டு நின்றது. இறக்கினால் கை கூழாகும். இறக்காவிட்டால் கயிறு அறும். அவன் தலையும் அங்கேதான் இருந்தது.

வெல்டரும் லாரி டிரைவரும் ஓடிவந்து அவன் காலைப் பிடித்து இழுத்தார்கள்.

“இழுக்காதீங்கய்யா! கட்டையைப் போடுங்க! ரெண்டு பக்கமும் அடுக்குங்க!” கத்திய கத்தலில் என் தொண்டை கிழிந்தது. திட்டினேன், கெஞ்சினேன், எதுவென்று நினைவில்லை. கட்டைகளை உதைத்து உள்ளே தள்ளினார்கள்.

“கட்டைக்கு மேல எவ்வளவு சந்து இருக்கு?”

“ரெண்டு விரல் அகலம்!” என்றார் வெல்டர்.

ஒரு குலுக்கல் போதும், எல்லாம் முடிந்துவிடும். கட்டைமேல் இறக்க லீவரை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். இன்னொரு டக். கட்டைகள் நெறுநெறுத்தன. அப்புறம் கயிறு தொய்ந்தது. வெல்டர் சட்டையை வெட்டி அவனை வெளியே உருவினார்.

இறங்கி ஓடிப்போய் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். அவன் திரும்பவே இல்லை. பிய்ந்து நின்ற கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ரெண்டும் ரெண்டும் நாலுதானே அண்ணி?”

“நேரா தொங்கினாத்தான்டா நாலு! அறுந்திருந்தா உங்கண்ணன் முகத்துல நான் எப்படிடா முழிப்பேன்?”

அதைச் சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை பீறிட்டது. அவன் ஐந்து விரல்களையும் விரிப்பதும் மடக்குவதுமாக, தன் கையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.