நீலக் கேனில் போடாத ஊசிகள்

13.7.2025, ஞாயிறு. இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். குளக்கரையில் எடுத்த ஊசிகளை நீலக் கேனில் போடாமல், ஷாம்பு உறைகள் இருந்த சாக்கிலேயே போட்டுவிட்டேன். இனிமேல் கேனையும் கூடவே தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

இவ்வளவையும் எழுதிவிட்டு சஃப்ரின் டைரியை மூடினாள். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஊசிகளில் ஒன்று அவளுடைய சுட்டுவிரலில் ஏறியதை எழுதவில்லை. எழுதிவிட்டால் அது உண்மையாகிவிடுமோ என்று பயமாக இருந்தது.

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால், அருவியில் குளிக்க வருகிறவர்கள் விட்டுப்போகும் ஷாம்பு உறைகளும் எண்ணெய்ப் பாக்கெட்டுகளும் சிற்றாற்றோடு இறங்கி, கால்வாய் வழியாக இவர்கள் ஊர்க் குளத்துக்கு வந்து சேரும். துல்கர்னைன் அண்ணன் துபாயிலிருந்து திரும்பியபின் ஆள் சேர்த்து, கால்வாய் வாயில் வலை கட்டினார். ஞாயிறுதோறும் வலையில் சிக்கியதை அள்ளிச் சாக்கில் கட்டுவார்கள். குழுவுக்கு அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: கண்ணாடி, ஊசி கண்ணில் பட்டால் தொடாமல் கூப்பிட வேண்டும், இடுக்கியால் எடுத்து நீலக் கேனில் போடவேண்டும்.

அன்று வலைக்குப் பக்கத்தில் யாரோ ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக் குப்பையைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தாமதித்தாலும் எல்லாம் குளத்துக்குள் போய்விடும். கேன் எதிர்க்கரையில் இருந்தது. சஃப்ரின் துணி உறை போட்ட கையாலேயே அள்ளினாள். சுருக்கென்றது. உறையைக் கழற்றினால் ஒரு சொட்டு ரத்தம். குளத்துத் தண்ணீரிலேயே கழுவிக்கொண்டு சுற்றும்முற்றும் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை. சாக்கை இறுக்கிக் கட்டி மற்றச் சாக்குகளோடு வைத்துவிட்டாள்.

ஏன் சொல்லவில்லை என்று இரவெல்லாம் தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். சொன்னால் ரத்தம் பார்க்கச் சொல்வார்கள். அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. சோதனைக்கென்று இருக்கிற நம்பிக்கை மையத்தின் வாசலில் நின்றால், எந்த நோய்க்காக நிற்கிறாள் என்று தெருவே தானாக முடிவு கட்டிவிடும். பண்பொழியிலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அப்புறம் என்ன பதில் வரும்?

திங்கட்கிழமை பகலெல்லாம் ஜவுளிக்கடையில் வேலை. சாயங்காலம் கம்ப்யூட்டரில் கணக்கெழுதும் டேலி வகுப்பு. சார் வரவு செலவை எந்தக் கட்டத்தில் பதிவது என்று சொல்லிக்கொண்டிருந்தார். சஃப்ரின் மேசைக்கடியில் போனை வைத்துக்கொண்டு, ஊசி குத்தினால் என்னென்ன வரும் என்று படித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு விதமாகப் பயமுறுத்தியது. நோய் தொற்றாமல் தடுக்கும் மருந்தை மூன்று நாளைக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்பதில் மட்டும் எல்லாம் ஒத்துப்போயின.

அப்போதுதான் குழுவின் வாட்ஸ்அப்பில் துல்கர்னைன் அண்ணனின் செய்தி வந்தது. சாக்குகளை முத்துராமலிங்கம் அண்ணாச்சியின் பழைய இரும்புக் கடையில் மத்தியானமே இறக்கிவிட்டதாகவும், எல்லாருக்கும் நன்றி என்றும்.

சஃப்ரின் செய்தியை மறுபடியும் படித்தாள். அந்தக் கடையில் பிளாஸ்டிக் பிரிக்கிறவள் முத்துசெல்வி. வெறுங்கையால் பிரிப்பாள். நேற்றிலிருந்து தன் விரலை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, அந்தச் சாக்கு போகிற இடமும் உண்டு என்று இப்போதுதான் உறைத்தது.

‘ஏதோ ஒரு சாக்கில் ஊசி இருக்கலாம், பார்த்துப் பிரிக்கச் சொல்லுங்கள்’ என்று தட்டினாள். யார் போட்டது என்று கேட்பார்களே. அழித்தாள். கடைக்குப் போன் போட்டாள். எடுப்பாரில்லை. சாரிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு இறங்கி, சாரலில் நனைந்துகொண்டே ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

கடையில் விளக்கு எரிந்தது. முத்துசெல்வி கவிழ்த்துப்போட்ட பிளாஸ்டிக் கிரேட்டின் மேல் உட்கார்ந்து உறைகளைக் குவித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பாப்பா, குளம் முடிஞ்சு எங்க கடையையும் சுத்தம் பண்ண வந்துட்டியளா?” என்று சிரித்தாள்.

அவளுடைய பெருவிரலில் கந்தல் சுற்றியிருந்தது.

“கையில என்னக்கா?”

“என்னத்தையோ குத்திச்சு. சுண்ணாம்பு வச்சுக் கட்டிருக்கேன். ரத்தம் வராத நாளுன்னா அது எங்களுக்கு லீவு நாளுல்லா.”

சஃப்ரின் அந்தக் கந்தலையே பார்த்தாள்.  இப்போதும் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விடலாம். அந்த எண்ணம் வந்ததே அவளுக்குப் பயமாக இருந்தது.

“அது ஆஸ்பத்திரி ஊசிக்கா. நாந்தான் அந்தச் சாக்குல போட்டேன். எனக்கும் குத்திருக்கு.”

முத்துசெல்வியின் சிரிப்பு மெல்ல வடிந்தது. “எப்ப?”

“நேத்துக் காலையில.”

“நேத்தே தெரியும் உனக்கு.”

“தெரியும். பயந்துட்டேன்.”

“உனக்கு மட்டுந்தான் பயம் இருக்குமாட்டி? எனக்கு மூணு புள்ளைய கெடக்கு.”

கல்லாவில் இருந்த முத்துராமலிங்கம், ஒரு டிடி ஊசி போட்டால் சரியாகிவிடும், இதற்கா இந்தப் பாடு என்றார். சஃப்ரின் தான் படித்ததையெல்லாம் திக்கித் திணறிச் சொன்னாள். அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். பிறகு பாதி பிரித்த சாக்கின் மேல் ஒரு தகர டிரம்மைக் கவிழ்த்தார். குழுவில் இருக்கும் நர்ஸ் பெர்சிஸுக்கு சஃப்ரின் போன் செய்தாள். விடியட்டும் என்று இருக்க வேண்டாம், நேரே அரசு ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள், டாக்டரிடம் நானே சொல்லி வைக்கிறேன் என்றாள் பெர்சிஸ். அண்ணாச்சி ஷட்டரை இழுத்துவிட்டு லோடு ஆட்டோவை எடுத்தார். மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள். 

டாக்டர் வயதில் சின்னவர். சோப்புப் போட்டுக் கையைக் கழுவச் சொன்னார், ரத்தம் எடுத்தார், ஆளுக்கு ஒரு மாத்திரை கொடுத்து அங்கேயே விழுங்கச் சொன்னார். யாருக்குப் போட்ட ஊசி என்று தெரியாததால் தொடர்ந்து ஒரு மாதம் சாப்பிட வேண்டும். பயப்படுகிற அளவுக்கு வாய்ப்புக் கிடையாது, ஆனால் வாய்ப்பே இல்லை என்று தன்னால் சொல்ல முடியாது. சில மாதங்களுக்கு அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். சஃப்ரினுக்குக் கடைசியில் சொன்னது மட்டும்தான் காதில் நின்றது.

முத்துசெல்வி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“சார், நான் புள்ளையளுக்குச் சோறு பொங்கலாமா?”

தாராளமாகப் பொங்கலாம், ஊட்டியும் விடலாம் என்றார். அவள் சுவரில் சாய்ந்துகொண்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சஃப்ரின் வராந்தாவில் நின்று வீட்டுக்குப் போன் செய்தாள். உம்மா ஜாஹிரா பீவி முழுக்கக் கேட்டாள், திட்டவில்லை. எங்கே நிற்கிறாய் என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கி, சஃப்ரினுக்கும் முத்துசெல்விக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

“நேத்து வெங்காயம் அரியச் சொன்னேன். கை எரியுதுன்னு எந்திரிச்சுப் போன. அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்லா ஏட்டி.”

 சஃப்ரின் தலையைக் குனிந்துகொண்டாள். பண்பொழிக்காரர்களைப் பற்றி இரண்டு பேருமே எதுவும் பேசவில்லை.

துல்கர்னைன் அண்ணனிடமும் அங்கிருந்தே போனில் சொல்லிவிட்டாள்.  இனி எத்தனை வீட்டில் பெண்பிள்ளைகளைக் குளத்துக்கு விடுவார்களோ தெரியவில்லை என்றார். ஆனாலும் மற்றச் சாக்குகளைக் கட்டியவர்களையும் ஒருத்தர் விடாமல் கேட்டுவிடுகிறேன் என்றார்.

மாத்திரையால் குமட்டிக்கொண்டு வந்தது. விரலில் வலியே இல்லை. குத்திய இடம் எது என்றுகூடத் தெரியவில்லை. பார்க்கப் பார்க்கப் பயம் கூடியது. கையை உம்மாவின் பர்தாவுக்குள் மறைத்துக்கொண்டாள்.

நாளைக்குச் செய்யவேண்டியதை முத்துசெல்வியிடம் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டாள். காலையில் அவள் வீட்டுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு, அண்ணாச்சி கடை திறக்கும் முன்பே நம்பிக்கை மையத்தில் இரண்டு பேரும் பெயர் பதிய வேண்டும். அங்கிருந்து நேரே கடைக்குப் போய், டிரம்முக்கு அடியில் இருக்கும் சாக்கில் மிச்சமுள்ள ஊசிகளை இடுக்கியால் எடுக்க வேண்டும்.