தப்பாக இருக்க வேண்டிய வளையம்

தான் செய்த வளையத்துக்கு எதிராகவே கிருபாகரன் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தான். பெற்ற பிள்ளை பரீட்சையில் தோற்கவேண்டும் என்று எந்தத் தகப்பனாவது முழங்கால் போடுவானா? இவன் போட்டான். வளையம் தப்பாக இருக்கட்டும், ஆண்டவரே. அதன் கனம் ஒரு முடியளவு கூடியிருக்கட்டும், இல்லை குறைந்திருக்கட்டும். வளையம் சரி என்று ஆகிவிட்டால் தப்பு வேறு இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தைப் பற்றி நினைக்க அவனுக்குத் தெம்பில்லை.

வளையம் என்றால் கையில் போடுகிற வளையம் இல்லை. கதை மாமல்லபுரத்தில் ஆரம்பித்தது. அங்கே சின்னதாக லாட்ஜ் நடத்தும் ஜெகதீசன், கிருபாகரனோடு செங்கல்பட்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். லாட்ஜில் தங்கிய ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது, லென்ஸ் இல்லாத ஒரு டிஜிட்டல் கேமராவை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். லென்ஸ் இல்லாத கேமராவை வைத்து ஜெகதீசன் என்ன செய்வான், வெற்றிலை இடிப்பானா? மறைமலைநகர் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவனுக்குத் தெரியாத இரும்பு உலகத்தில் இல்லை என்பது அவன் நம்பிக்கை. கிருபாகரன் தலையில் கட்டிவிட்டான்.

அந்தக் கேமராவுக்கென்று செய்த லென்ஸ் வாங்குவது நடக்கிற காரியம் இல்லை. கிருபாகரன் சென்னையில் பழைய சாமான் கடை ஒன்றில் ஒரு ரஷ்ய லென்ஸைப் பிடித்தான். கேமராவின் வாய் ஒரு மாதிரி, லென்ஸின் அடிப்பக்கம் இன்னொரு மாதிரி. இரண்டையும் சேர்த்துவைக்க நடுவில் ஒரு பித்தளை வளையம் வேண்டும். ஒரு பக்கம் கேமராவில் மாட்டுகிற பல், மறுபக்கம் லென்ஸைத் திருகுகிற மரை. விலைக்கு வாங்கினால் அதற்குப் பெயர் அடாப்டர். இவன் வாங்கவில்லை. தெரிந்தவர் பட்டறையில் லேத்தைக் கெஞ்சிக் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அங்கே தொலைத்து, தன் கையாலேயே கடைந்தான். முடித்த அன்றைக்கு அதை வேட்டியில் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை அவன் பெண்டாட்டி ஜெனிஃபர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

இந்தக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது, பின்பக்கத் திரையிலும் எடுத்து முடித்த பிறகுதான் படம் வரும். மேலே ஓரமாக ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. அதில் கண்ணை வைத்தால் எதிரே நிற்கிற ஆள் நடுவில் இரண்டாகத் தெரிவார். லென்ஸைத் திருகத் திருக இரண்டு உருவமும் நெருங்கி வரும். ஒன்றின் மேல் ஒன்று அச்சாக உட்கார்ந்துவிட்டால் படம் தெளிவாக விழும். நடுவில் இருக்கிற வளையத்தின் கனம் பிசகினால் போச்சு. ஒன்றாகிவிட்டது என்று ஜன்னல் சொல்லும், இல்லவே இல்லை என்று படம் சொல்லும்.

கிருபாகரன் சமீபத்தில் எடுத்த படங்கள் எல்லாம் இல்லவே இல்லை என்றுதான் சொல்லின. முதலில் நன்றாகத்தான் விழுந்துகொண்டிருந்தன. போகப்போக மங்க ஆரம்பித்தன. அவன் வளையத்தைக் கழற்றினான். கூல்டிரிங்ஸ் டின்னைக் கத்தரித்து, மெல்லிய தகடாக வளையத்துக்கு அடியில் கொடுத்துப் பார்த்தான். மங்கல். தகட்டை எடுத்துவிட்டு, அதைவிட மெல்லியதாகச் சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற ஜிகினாத் தாளை வைத்தான். அதுவும் மங்கல். ஜெனிஃபரைச் சமையலறை வாசலில் நிறுத்தி, நகராதே நகராதே என்று சொல்லி, அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம்.

வேறு யாரையாவது அந்த ஜன்னலில் பார்க்கச் சொல்லியிருந்தால் அது ஒரு நிமிஷ வேலை. தப்பு எங்கே என்று உடனே தெரிந்திருக்கும். அதனாலேயே அவன் யாரையும் கேட்கவில்லை.

அவன் வலது கண்ணில் ஒரு வருஷத்துக்கு மேலாக என்னவோ இருந்தது. எழுத்துக்குப் பின்னால் எழுத்தின் நிழல் விழுந்தது. இருட்டினால் எதிரே வருகிற லாரி விளக்குக்குத் தாடி முளைத்தது. மெடிக்கல் ஷாப்பில் பில் போடுகிற ஜெனிஃபரிடம் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிச் சொட்டு மருந்து கேட்டான். கொண்டுவந்து கொடுத்தாள். மறு மாதமும் தூசி விழுந்தது. அதற்கும் கொடுத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குச் சோறு போடுகிறவளைப் பற்றி ஞாபகமே வராது.

அவன் பிழைப்பே கண்ணில்தான் இருந்தது. தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவு. வண்டி பிரேக்குக்குப் போகிற சின்னச் சின்னப் பாகங்களை ஒரு இயந்திரத்தில் வைத்தால், அவற்றின் நிழல் திரையில் பெரிதாக விழும். கோட்டுக்குள் இருந்தால் பச்சைத் தட்டு, கோட்டைத் தாண்டினால் சிவப்புத் தட்டு. வருஷத்துக்கு ஒரு தடவை அந்தப் பிரிவில் எல்லாருக்கும் கண் பரிசோதனை உண்டு. போன வருஷம் வரிசையில் நிற்கும்போதே, முன்னால் போனவர்கள் படித்த எழுத்துகளை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய், பைபிளில் சங்கீதம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்துவிட்டு வந்தான். இந்த வருஷம் அந்தப் பாச்சா பலிக்காது. மோவாயை வைத்து உள்ளே பார்க்கிற மிஷின் வரப்போகிறது. வருகிற புதன்கிழமை. தேறாதவனைப் பேக்கிங்குக்கு அனுப்புவார்கள், அட்டைப்பெட்டி ஒட்ட.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவன் கதையில் கூடத்தைக் கட்டியவனும் இவன்தான். அது கோணலாக இருந்துவிடாதா என்று ஏங்குகிறவனும் இவன்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும், வளையத்துக்கு அடியில் இருந்த தகடு, தாள் எல்லாவற்றையும் உரித்துப் போட்டான். ரோஷத்தில் செய்யவில்லை. அலுத்துப்போய்ச் செய்தான். முதல் நாள் லேத்திலிருந்து இறங்கிய மாதிரி வெறும் வளையத்தை மாட்டினான். ஜெகதீசன் மாமல்லபுரத்துக்கு வரச்சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தான். மகள் ஷாரோன் ஊரப்பாக்கத்தில் அத்தை வீட்டில் இருந்தாள். புருஷனும் பெண்டாட்டியும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினார்கள்.

பைக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு அவன் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். ஏன் என்று ஜெனிஃபர் கேட்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுவது சமீபத்தில் அவளுக்கு வந்த பழக்கம். அவனுக்கு அது வசதியாக இருந்தது. திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கினான். தூங்கினான் என்றால் கண்ணை மூடிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

ஜெகதீசன் லாட்ஜ் வாசலிலேயே நின்றிருந்தான்.

"வா மச்சான். வா தங்கச்சி. இன்னா மச்சான், இப்டி எளச்சி பூட்ட? சோறு துண்றியா, இல்ல கேமராவையே கடிச்சி துண்ணுகினு கீறியா?"

"அத்த ஏன் கேக்கற. ஒரே பேஜாரா பூட்ச்சி."

"பேஜாரெல்லாம் அப்பால. மொதல்ல என்ன ஒரு போட்டோ புடி."

மூவரும் கடற்கரைக்குப் போனார்கள். கடற்கரைக் கோயில் பக்கம் கூட்டம் அதிகம் என்று வடக்கே, மீன்படகுகள் ஏற்றிவைத்திருக்கிற பக்கம் நடந்தார்கள். ஜெகதீசன் ஒரு நீலப் படகுக்கு முன்னால் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றான். கிருபாகரன் ஜன்னலில் வலது கண்ணை வைத்தான். இரண்டு ஜெகதீசன்கள் தெரிந்தார்கள். உற்றுப் பார்த்தால் மூன்றாவதாக ஒருவன் நிழலாக நின்றான். லென்ஸைத் திருகினான். எவனோ ஒருவன் மேல் எவனோ ஒருவன் உட்கார்ந்தான். அழுத்தினான்.

பின்பக்கத் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். ஜெகதீசன் முகம் ஈரத்தில் ஊறிய காகிதம் மாதிரி இருந்தது. பின்னால் இருந்த படகின் பெயரை மட்டும் எழுத்துக் கூட்டிப் படிக்க முடிந்தது.

"வுடு மச்சான், என் மூஞ்சே அப்டித்தான். கேமரா இன்னா பண்ணும்?"

"இல்ல, வளையம்தான். நான்தான் சொன்னேனே, வளையத்துலதான் கோளாறு கீது."

தன் வேலை தப்பு என்று சொல்கிறவன் குரலில் இத்தனை நிம்மதியை ஜெனிஃபர் எங்கேயும் கேட்டதில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மணலில் அவன் எதிரே வந்து நின்றாள்.

"குடுங்க இப்டி."

"ஒனக்கு அது தெரியாது ஜெனி."

"ரெண்டா கீறத ஒண்ணா ஆக்கணும். அவ்ளோதானே? தெனம் அதயேதான சொல்லிகினு கீறீங்க, தூக்கத்துலகூட."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் தெம்பு வேண்டும். கேமராவைக் கொடுத்துவிட்டு, ஜெகதீசன் நின்ற இடத்தில் போய் நின்றான். அவள் முக்காட்டைப் பின்னால் தள்ளிவிட்டு ஜன்னலில் கண்ணை வைத்தாள். பயந்து பயந்து லென்ஸைத் திருகினாள்.

"ஆங், ரெண்டு பேரு கீறீங்க. வர்றீங்க, வர்றீங்க. அய்யய்யோ, தாண்டி பூட்டீங்க. இருங்க, திரும்ப வர்றீங்க. ஒட்டிகினீங்க."

அழுத்தினாள்.

கேமராவை வாங்கி, பழக்க தோஷத்தில் கண்ணிருக்கும் இடத்தைப் பெரிதாக்கினான். எப்போதும் அவள் இமையைத்தான் இப்படிப் பெரிதாக்கிப் பார்ப்பான். இப்போது திரையில் தன் இமையே வந்தது. மயிர் மயிராக எண்ணலாம் போலிருந்தது. காலையில் சவரம் பண்ணும்போது பட்ட கீறலும், கன்னத்து ஓரத்தில் நரைத்த இரண்டு முடியும், தூக்கம் கெட்டு வீங்கிய கண்ணடியும் அப்படியே விழுந்திருந்தன. தன் முகத்தில் இத்தனை களைப்பு இருப்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"இன்னொண்ணு எடு," என்றான்.

தள்ளி நின்றான், எடுத்தாள். கிட்டே வந்து நின்றான், எடுத்தாள். ஜெகதீசனை நிறுத்தி எடுத்தாள். எல்லாமே தெளிவு. ஜெகதீசன் தன் படத்தைப் பார்த்துவிட்டு அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான்.

"ஜெயிச்சிட்ட மச்சான்! வளையம் சோக்கா உக்காந்துகினுகீது! ஃபாரின்காரன் செஞ்சா மேரி கீது! இருங்க, நகராதீங்க. வறுத்த மீனு வாங்கினு வர்றேன், இன்னிக்கி நம்ம செலவு!"

மணலில் குதித்துக்கொண்டு ஓடினான். கிருபாகரன் படகின் நிழலில் போய் உட்கார்ந்தான். ஆசையாகச் செய்த பொருள் அச்சுப் பிசகாமல் இருந்தது. அதைப்போல் ஒரு கெட்ட செய்தியை அவன் வாழ்நாளில் கேட்டதில்லை. வாய்விட்டு அழுதிருப்பான், மீன்காரர்கள் வலை பிரித்துக்கொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டான்.

ஜெனிஃபர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒனக்கு எப்ப தெரியும்?" என்றான்.

"ஞாயித்துக்கெழம கோயில்ல பாட்டுப் புஸ்தகத்த இடது பக்கமா சாச்சி புடிக்க ஆரம்பிச்சீங்களே, அப்பவே."

"ஏன் கேக்கல?"

"கேட்டா வளையம்னு சொல்லுவீங்க."

அவன் மணலைக் கிளறிக்கொண்டே ஒருவழியாகச் சொன்னான்.

"புதன்கிழம மிஷின் வருது. பேக்கிங்ல தூக்கி போட்ருவான் ஜெனி. நேத்து வந்த பசங்க முன்னாடி நான் அட்டப்பொட்டி ஒட்டணும்."

"ஒட்டுங்க."

"ஒனக்கு இன்னா, சொல்லிட்ட!" அவனுக்குக் கோபம் வந்தது. வெகுநாளைக்குப் பிறகு வந்த கோபம். "அந்த எடத்துக்கு வர நான் எவ்ளோ பாடு பட்டேன்னு ஒனக்கு தெரியாதா?"

"தெரியும். அது பிரேக்குக்கு போற சாமான். அதுவும் தெரியும்." அவள் குரலை உயர்த்தவில்லை. "நம்ம ஷாரோன் ஸ்கூலுக்கு போற வேன்லயும் பிரேக்கு கீதுங்க."

இந்த யோசனை அவனுக்கும் வந்ததுதான். போன வாரம் ஒரு பச்சைத் தட்டை அனுப்பிவிட்டு, மனசு கேட்காமல் ஓடிப்போய்த் திரும்ப வாங்கி, இடது கண்ணால் ஒவ்வொன்றாக மறுபடி பார்த்தான். அதில் ஒன்று சிவப்புத் தட்டுக்குப் போக வேண்டியது. அதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொன்னான்.

"நாளைக்கி லீவு போடுங்க. கண்ணாஸ்பத்திரில டோக்கன் போட்டு வெச்சிகீறேன். டாக்டர் இன்னா சொல்றாரோ கேட்டுகினு, நேரா சூப்பர்வைசர்கிட்ட போயி நீங்களே சொல்லிடுங்க. மிஷின் சொல்றதுக்கு முன்னாடி."

"செரியாவுமா?"

"எனக்கு இன்னாங்க தெரியும்? நான் பில்லு போட்றவ."

அவளுக்கும் பயம் இருக்கிறது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஜெகதீசன் காகிதத் தட்டில் மீனோடு வந்து, தனக்குத் தெரிந்த இன்னும் இரண்டு பேரிடம் இதேமாதிரி கேமரா இருப்பதாகவும், மச்சான் ஆளுக்கொரு வளையம் செய்து தரவேண்டும் என்றும் அடித்துப் பேசினான். கிருபாகரன் தலையாட்டினான். மீன் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

பொழுது சாய்ந்து பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். கடைகளில் விளக்குப் போட்டுவிட்டார்கள். ரோட்டைக் கடக்க நின்றபோது, இடது பக்கம் இருந்த ஜெனிஃபர் அவனுக்குப் பின்னால் சுற்றி வந்து வலது பக்கம் நின்றுகொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனுக்கு இடது பக்கம் நடக்கிறவள். கொஞ்ச நாளாகப் பக்கம் மாறியிருந்தாள். மார்க்கெட்டுக்குப் போகும்போது, கோயிலுக்குப் போகும்போது, இன்றைக்குக் காலையில்கூட. பை தூக்கித் தூக்கித் தோள் வலிக்கிறது போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

வலது பக்கம் திரும்பிப் பார்த்தான். வெளிச்சமெல்லாம் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்தது. எது கடை, எது வண்டி என்று பிரிக்க முடியவில்லை.

"எப்பத்திலிருந்து நீ இந்தப் பக்கம் நடக்கற?" என்றான்.

"பஸ்ஸு வருதுங்க, நில்லுங்க," என்று அவன் கையைப் பிடித்தாள்.

கிருபாகரன் நின்றான்.