ஐந்தாவது கடிதத்தின் கடைசி வரி

கடல் தாய் மாசூவின் கோயில் வாசலில் மேசை போட்டுப் பதினெட்டு வருஷமாகக் கடிதம் எழுதுகிறேன். சீனக் கடற்கரையில் இந்தச் சுவான்சௌ ஊரில் என்னைவிட அழகாக எழுதுகிறவர்கள் உண்டு. முறை தவறாமல் எழுதுகிறவன் நான் ஒருவன்தான் என்று தலைக்கனத்தோடு திரிந்தேன். யாருக்கு எந்த வரியோடு முடிப்பது என்று என் விரலுக்கே தெரியும். பெற்றவர்களுக்கு, 'முழங்காலடியில் பணிந்து தங்கள் பொன்மேனி நலம் வேண்டுகிறேன்.' வியாபாரிக்கு வேறு, பயணம் போனவனுக்கு வேறு. சாவு விழுந்த வீட்டுக்கு மட்டும் பாக்கியம், மகிழ்ச்சி என்ற பேச்சே ஆகாது. 'துக்க முறைகளுக்கு நடுவே உடலைப் பேணிக்கொள்ளுங்கள்.' அவ்வளவுதான். மாற்றிப் போட்டால் செருப்பால் அடித்த மாதிரி.

ஓங் கிம் மாதம் ஒருமுறை என்னிடம் வருவாள். அவள் புருஷன் தே பூன் சியாங் பினாங்கில் ஒரு அரிசி மண்டியில் குமாஸ்தா. அவன் படித்தவன், இவளுக்கு எழுத்து தெரியாது. அவன் தன் அம்மாவுக்கு எழுதும் கடிதத்தை நான் வாசிப்பேன். கடைசி வரியை மட்டும் இவள் இரண்டு தடவை கேட்பாள்.

"அதை இன்னொரு தடவை வாசிங்க, வாத்தியாரே. எனக்கு ஒரு மண்ணும் புரியல. ஆனா யாரோ குனிஞ்சு கும்பிடற மாதிரி இருக்கு."

"உன் புருஷன்தான் குனியறான். அதுவும் உனக்கில்ல, உன் மாமியாருக்கு."

"இருக்கட்டுமே. பக்கத்துல நான்தானே நிக்கறேன்?"

அந்த மாமியார் ஏழாம் மாதம் இறந்துபோனாள். ஓங் கிம் கொண்டையில் வெள்ளை நூல்பூ வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அவருக்கு இது தெரியவே கூடாது, வாத்தியாரே. இருமினா ரத்தம் வருதாம். கப்பல் ஏறினா உசிரோட கரை சேரமாட்டாருன்னு வைத்தியர் சொல்லிட்டாராம். அம்மா போயிட்டாங்கன்னு கேட்டா நீந்தியாவது வந்துருவாரு."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"அத்தை சொல்லச் சொல்ல எழுதுவீங்கல்ல, அப்படியே எழுதுங்க. அவங்க பேசறது உங்களுக்குத் தெரியாததா?"

செத்தவள் பேரில் எழுதுவது எந்த முறையிலும் இல்லை. திட்டிவிட்டுத்தான் எழுதினேன். தாய் மகனுக்கு எழுதினால் வணக்கம் எதுவும் வேண்டாம், 'அறிந்துகொள். தாய் கைப்பட' என்று முடித்தால் போதும். கூடவே ஓங் கிம் பேரில் ஒரு சின்னக் கடிதம். இரண்டையும் துக்கமில்லாத வீட்டுக்குரிய சிவப்புப் பட்டை போட்ட உறையில் வைத்து, கிழவி உயிரோடிருப்பதுபோல மூன்று மாதம் அனுப்பினோம். அவனும் நம்பினான்.

பத்தாம் மாதம் தெற்கு வாசல் பக்கம் காலரா. அன்று காலையிலிருந்து நான் எழுதியது நாலும் துக்கக் கடிதங்கள். ஐந்தாவதாக ஓங் கிம்மின் கடிதம். தபால் படகு கிளம்பப்போகிறது என்று அவள் அவசரப்படுத்தினாள். எழுதி, மடித்து, ஒட்டிக் கொடுத்தேன். சாயங்காலம் தூரிகையைக் கழுவும்போதுதான் உறைத்தது. அன்று துக்க வரியை நான் ஐந்து தடவை எழுதியிருந்தேன்.

படகு போய்விட்டது. அவளைத் தேடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். பினாங்குக்கு ஒரு தந்தியாவது அடித்திருக்கலாம். என் கை தவறிவிட்டது என்று ஒருத்தியிடம் ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. அவன் கவனிக்கமாட்டான் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாற்பது நாள் கழித்துப் பதில் வந்தது. 'அம்மாவின் முழங்காலடியில்' என்று வழக்கம்போல ஆரம்பித்திருந்தான். பல்வலி தேவலையா, கஞ்சிக்கு உப்பு முள்ளங்கி ஒத்துக்கொள்கிறதா என்று விசாரித்திருந்தான். கடைசி வரியும் வழக்கமானதுதான். எனக்கு மூச்சு வந்தது. பிறகு கையொப்பத்தைப் பார்த்தேன். 'அன்னையை இழந்து துக்கம் காக்கும் மகன்.'

மனைவி பயந்துவிடுவாளே என்று கடிதம் முழுக்க நடித்தவனுக்குக் கையொப்பத்தில் மட்டும் பொய் சொல்ல மனம் வரவில்லை. வாசிக்கிறவன் மறைத்துக்கொள்வான் என்று என்னை நம்பியிருக்கிறான். உறையைத் திருப்பினேன். முத்திரை பினாங்கில் குத்தியது இல்லை, ஹாங்காங்கில் குத்தியது.

"சந்தேகம் ஒண்ணும் இல்லல்ல, வாத்தியாரே?" என்றாள் ஓங் கிம்.

"இல்ல" என்றேன். கையொப்பத்தை நான் வாசிக்கவில்லை.

"நாம கெட்டிக்காரங்கதான்" என்று சிரித்தாள். அத்தை நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று எழுதச் சொன்னாள். ஊருக்குக் கப்பல் ஏறிக் கடலில் இருக்கிறவனுக்குப் பினாங்கு விலாசம் போட்டு எழுதிக் கொடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் இன்னொரு உறையைக் கொண்டுவந்தாள்.

"இதுல சிவப்புப் பட்டை இல்லியே, வாத்தியாரே?"

சியாமென் துறைமுகத்தில் சத்திரம் வைத்திருக்கும் ஒருவர் எழுதியிருந்தார். தே பூன் சியாங்கைக் கப்பலிலிருந்து தூக்கித்தான் இறக்கினார்களாம். சத்திரத்துக் கட்டிலில் இரண்டு நாள் கிடந்து போய்ச் சேர்ந்தான். மூட்டையில் புதுச் சணல் துக்க உடை, அம்மாவின் சமாதிக்குப் போகும்போது போட்டுக்கொள்ள.

ஓங் கிம் அழவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசி வரி?"

"துக்க முறைகளுக்கு நடுவே உடலைப் பேணிக்கொள்ளுங்கள்." முகம் தெரியாத அந்த மனுஷன் ஒரு சொல்லும் தவறாமல் எழுதியிருந்தார்.

"இது புதுசா இருக்கே. யாருக்கு எழுதறது?"

"சாவு விழுந்த வீட்டுக்கு."

"அத்தை செத்தது அவருக்கு எப்படித் தெரிஞ்சது? யாரு சொன்னா?"

"நான்தான்மா" என்றேன். "உன் கடிதத்துல கை தவறி இதே வரியை எழுதிட்டேன்."

அவள் காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தேன். முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை வாசிங்க" என்றாள்.

வாசித்தேன்.

"இன்னொரு தடவை."

கோயில் கதவு சாத்தும்வரை அவள் என்னை விடவில்லை.